சேற்றின் சாட்சியம்: கலாஓயாவும் புத்தளக் களப்பும்

கி.பி. 1344ஆம் ஆண்டில் மாலைதீவிலிருந்து புறப்பட்ட இபுனு பதூதா, இலங்கையின் மேற்குக் கரையில் 'பத்தாலா' என்னும் துறையில் வந்திறங்கினார். அத்துறை இன்றைய புத்தளமே என்பது ஆய்வாளர் பலர் ஏற்ற முடிபாகும். ஆரியச்சக்கரவர்த்தி அவருக்கு அளித்த வரவேற்பும், முத்துக்களைப் பற்றி இருவரும் உரையாடியதும், பின்னர் அவர் பாவாத மலைக்கு யாத்திரை சென்றதும் நம் வரலாற்று நூல்களிற் பலமுறை எடுத்தாளப்பட்டுள்ளன. ஆயின் அவர் குறிப்பில் அதிகம் கவனிக்கப்படாத செய்தி ஒன்றுண்டு. அக்கரை முழுவதும் கறுவாக் கட்டைகள் குன்றுபோற் குவிந்து கிடந்தன என்றும், மலையிலிருந்து வரும் வெள்ளம் அவற்றை அடித்துவந்து கரையிற் சேர்த்தது என்றும், மலையாளக் கரையாரும் சோழமண்டலக் கரையாரும் அவற்றை விலையின்றி எடுத்துச்சென்று அதற்கு ஈடாக மன்னனுக்குத் துணி முதலியவற்றைக் காணிக்கையாக அளித்தனர் என்றும் அவர் எழுதுகின்றார்.

இச்செய்தியைக் கேட்டவுடன் தாவரவியலார் ஒரு தடை எழுப்பக்கூடும். கறுவா ஈரவலயத்துக்குரிய மரம். புத்தளமோ வறண்ட நிலம். அவ்வாறாயின் அக்கட்டைகள் எங்கிருந்து வந்தன? மாத்தளை மலைச்சாரலிற் பிறந்துவரும் கலாஓயா கொண்டுவந்ததா, தெற்கேயுள்ள வேறோர் ஆறு கொண்டுவந்து கடலிற் சேர்த்ததைக் கரையோர நீரோட்டம் வடக்கே தள்ளியதா, அன்றிப் பயணி வேறு மரத்தைக் கறுவா எனக் கருதினாரா? இவ்வினாக்களுக்கு விடை காண்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. கரையிற் கிடக்கும் பொருளைக் கண்டு அது புறப்பட்ட இடத்தை உய்த்துணர்தல் என்னும் முயற்சி இப்பகுதிக்குப் புதியதன்று என்பதும், அம்முயற்சி தோற்றத்திற் தெரியுமளவுக்கு எளிதன்று என்பதும் ஈண்டு மனங்கொள்ளத்தக்கன. கட்டையின் இடத்திற் கதமியத்தை வைத்தால் அது நம் காலத்து வழக்காகி விடுகின்றது.

புத்தளம் நகரை அடுத்துள்ளது தில்லையடி. தில்லை என்பது கண்டற் காடுகளில் வளரும் மரம். அதன் பால் கண்ணிற் பட்டாற் பார்வையைக் கெடுக்கும் என்று கரையோர மக்கள் அஞ்சுவர். (தமிழ்நாட்டிலே தரங்கம்பாடிக்கு அண்மையிலும் ஒரு தில்லையடி உண்டு. தென்னாபிரிக்காவில் காந்தியடிகளின் போராட்டத்திற் பங்குகொண்ட வள்ளியம்மையின் பெயரோடு அவ்வூர் இணைந்திருத்தலால் அதனையே பலரும் அறிவர்.) நமது தில்லையடியின் அண்மைக்கால வரலாறு துயரம் தோய்ந்தது. 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் தமிழீழ விடுதலைப் புலிகளால் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களிற் பெருந்தொகையினர் புத்தளம் மாவட்டத்தில் வந்து தங்கினர். அவர்களுட் பலர் தில்லையடியிற் குடிசை கட்டி, கிணறு தோண்டி, அந்நீரைக் குடித்து வாழத் தலைப்பட்டனர். ஊரை இழந்து வந்தவர்க்கு முதலில் வேண்டுவது நீர். அந்நீருக்குள் என்ன இருக்கின்றது என்ற வினா அவர்களைப் பொறுத்தவரை ஆய்வுகூடத்து வினாவன்று.

புத்தளக் களப்பு ஏறத்தாழ 327 சதுர கிலோமீற்றர் பரப்புடையது. வடக்கே மன்னார் வளைகுடாவுக்குத் திறந்து கிடக்கின்றது. மேற்கே கற்பிட்டிக் குடாநாடு அதனைக் கடலினின்றும் பிரிக்கின்றது. கலாஓயாவும் மீஓயாவும் அதற்கு நன்னீர் தருகின்றன. தெற்கே ஒல்லாந்தர் வெட்டிய வாய்க்கால் முந்தல் ஏரியினூடாகச் சிலாபம் நோக்கிச் செல்கின்றது. எனவே இக்களப்பின் அடியிலே படியும் சேறு நான்கு திசைகளிலிருந்தும் வந்த கடிதங்களை ஒருங்கே சேர்த்து வைத்திருக்கும் பெட்டி போன்றது. கடிதங்களில் அனுப்பியவர் பெயர் இல்லை என்பதே சிக்கல்.

இவற்றுள் மிக நீண்ட பயணம் செய்து வருவது கலாஓயாவின் கடிதம். ஐந்தாம் நூற்றாண்டில் தாதுசேனன் கட்டிய கலாவாவி இவ்வாற்றின் குறுக்கே நிற்கின்றது. தன் செல்வமெல்லாம் எங்கே என்று மகன் காசியப்பன் வினவியபோது, அம்மன்னன் கலாவாவியின் நீரை இரு கைகளாலும் அள்ளிக் காட்டி, 'இதுவே' என்றான் எனச் சூளவம்சம் கூறும். அச்செல்வத்தோடு 1976ஆம் ஆண்டில் மற்றோர் ஆற்றின் செல்வமும் வந்து சேர்ந்தது. கண்டிக்கு அண்மையிலுள்ள பொல்கொல்லையில் மகாவலி கங்கை மறிக்கப்பட்டு, அதன் நீரின் ஒரு பகுதி சுரங்க வழியாக அம்பன் கங்கைப் பக்கம் திருப்பப்பட்டது. அங்கிருந்து பொவத்தென்னை ஊடாகக் கலாவாவிக்கு வந்தது. அன்றுமுதல் நுவரெலியா, கண்டி மலைகளின் தேயிலைத் தோட்டங்களையும் மரக்கறித் தோட்டங்களையும் கழுவிய நீரிற் சிறுபகுதியேனும் கலாஓயா வழியாகப் புத்தளத்தை நோக்கி ஓடத் தொடங்கியது. புவியியலார் வரையும் ஆற்று வடிநில எல்லைக்கோடு அன்றோடு பொருளிழந்தது என்றே கூறலாம்.

தொண்ணூறுகளில் வட மத்திய மாகாணத்து மருத்துவமனைகளில் புதியதொரு சிறுநீரக நோய் கவனத்துக்கு வந்தது. நீரிழிவும் உயர் குருதியமுக்கமும் இல்லாதவர்களின் சிறுநீரகங்கள் மெல்ல மெல்லச் செயலிழந்தன. பாதிக்கப்பட்டோரிற் பெரும்பாலார் நெற்செய்கையில் ஈடுபட்ட ஏழைக் கமக்காரர். அவர்களிலும் ஆண்களே மிகுதி. மதவாச்சி, பதவியா, மெதிரிகிரியா, கிராந்துருகோட்டை முதலிய இடங்களில் நோய் செறிந்து காணப்பட்டது. நோய் தெளிவாகத் தெரியும் வேளையிற் பெரும்பாலும் காலம் கடந்துவிடும். குடும்பத் தலைவன் குருதி சுத்திகரிப்புக்காக நகரத்து மருத்துவமனைக்கு வாரந்தோறும் செல்ல, வயல் தரிசாகும். அடுத்து மகனுக்கும் அதே நோய் வரும். காரணம் யாது என்ற வினாவுக்கு விடையாக ஒருவர் பின் ஒருவராகப் பல பொருள்கள் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்பட்டன. அவற்றுட் சேற்றைச் சாட்சியாகக் கொண்டு வந்த வழக்கு ஒன்றே நம் பொருளோடு நேரடித் தொடர்புடையது.

2008ஆம் ஆண்டில் பேராதனைப் பல்கலைக்கழக விவசாய பீடத்தைச் சேர்ந்த பண்டார முதலியோர் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை, தொடர்குளங்களின் நீரிலும் சேற்றிலும் மீனிலும் அரிசியிலும் கதமியத்தை அளந்து அதனை இந்நோயோடு தொடர்புபடுத்தியது. குளத்து அடையலிற் கிலோகிராமுக்கு 1.78 முதல் 2.45 வரை மில்லிகிராம் கதமியம் இருந்தது என்றும், நீரில் இலீற்றருக்கு 0.03 முதல் 0.06 வரை மில்லிகிராம் இருந்தது என்றும் அக்கட்டுரை கூறியது. குடிநீரில் உலக சுகாதார நிறுவனம் அனுமதிக்கும் அளவு 0.003 மில்லிகிராம் என்பதை நினைத்துப் பார்த்தால், இந்த எண்கள் எழுப்பிய அதிர்ச்சி விளங்கும். 2011இல் வெளிவந்த மற்றொரு கட்டுரையிற் பண்டார குழுவினர் மூலத்தையும் சுட்டினர்: விவசாய உள்ளீடுகள், சிறப்பாக இறக்குமதியாகும் பொசுபேற்றுப் பசளை, அது மலைநாட்டு நிலங்களிலிருந்து மகாவலி வழியாக, 1976இன் திருப்பத்தின் ஊடாகக் கீழ்நாட்டுக் குளங்களுக்கு வருகின்றது என்பது அவர்கள் வாதம். வரலாற்று மாணவனுக்கு இந்த வாதத்திற் கவர்ச்சி மிகுதி. நோய் பெருகிய காலமும் நீர் திரும்பிய காலமும் ஒன்றையொன்று தொடர்கின்றன. ஆயின் முன்பின்னாக நிகழ்ந்தன என்பதனாலேயே ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாகி விடாது என்பதை நாம் முதலாண்டு வகுப்பிலேயே கற்கின்றோம்.

பொசுபேற்று ஏன் ஐயத்துக்குள்ளாகின்றது என்பதைச் சற்று விளக்குதல் வேண்டும். உலகிற் பசளைக்காகத் தோண்டப்படும் பொசுபேற்றுப் பாறைகளிற் பெரும்பகுதி பண்டைக் கடலடியில் உயிரின மிச்சங்களோடு படிந்தவை. அவ்வகைப் பாறைகளிற் கதமியமும் யுரேனியமும் சேர்ந்தே செறிந்திருக்கும். மொறொக்கோ முதலிய வட ஆபிரிக்க நாடுகளின் பாறைகள் இவ்வகையின. இதற்கு மாறாக எரிமலைக் குழம்பிற் பிறந்த பொசுபேற்றுப் பாறைகளிற் கதமியம் மிகக் குறைவு. நம் நாட்டின் எப்பாவலைப் படிவு இவ்விரண்டாம் வகையைச் சேர்ந்தது. 1971இற் கண்டுபிடிக்கப்பட்ட அப்படிவு கலாவாவிக்கு அண்மையிலேயே கிடக்கின்றது என்பது வியப்புக்குரியது. அதனை வெளிநாட்டு நிறுவனம் பேரளவில் தோண்டுவதற்கு இருந்த திட்டம், அப்பகுதி மக்கள் தொடுத்த வழக்கில் உயர் நீதிமன்றம் 2000ஆம் ஆண்டில் அளித்த தீர்ப்பினால் நின்றது. எப்பாவலைப் பொசுபேற்று நீரில் எளிதிற் கரையாது. ஆதலின் தேயிலை, தெங்கு போன்ற நீண்டகாலப் பயிர்களுக்கே அது பயன்படுகின்றது. விரைவிற் கரைந்து பயிருக்கு உதவவேண்டிய நெல்வயலுக்கு இறக்குமதியான மும்மைச் சுப்பர்பொசுபேற்றே இடப்படுகின்றது.

ஆகவே, குளத்துச் சேற்றிற் கதமியம் மட்டும் மிகுந்திருந்தால் அது ஒரு சாட்சியே. அதனோடு பொசுபரசும் யுரேனியமும் ஒத்த விகிதத்தில் உயர்ந்திருந்தால் மூன்று சாட்சிகள் ஒரே கதையைச் சொல்கின்றன. பசளையின் மேல் ஐயம் வலுக்கும். நாகமும் ஈயமும் சேர்ந்து உயர்ந்திருந்தால் சுரங்கம் அல்லது உலோகத் தொழிலை நாடவேண்டும். உடன்வந்தோரைக் கொண்டு ஒருவரது ஊரை அறிவது போன்றது இம்முறை. கதமியத்தை மட்டும் அளந்து விட்டு மூலத்தைப் பெயர்கூறிச் சுட்டும் கட்டுரைகளை இக்காரணத்தால் நாம் எச்சரிக்கையோடு படிக்கவேண்டும்.

பண்டார குழுவினரின் எண்களைப் பேராதனையின் மற்றொரு பக்கத்திலிருந்தே மறுத்தனர். புவிச்சரிதவியல் துறையைச் சேர்ந்த சந்திரஜித் முதலியோர் 2011இல் வெளியிட்ட ஆய்வுகளில், நோய்ப் பகுதிகளின் நீரில் அத்தகைய உயர்ந்த கதமிய அளவுகள் காணப்படவில்லை. அவர்கள் கவனம் புளோரைட்டின்மேற் சென்றது. அதுவும் தனித்த புளோரைட்டின்மேல் அன்று, அதனோடு கூடிய சோடியம், கல்சியம் ஆகியவற்றின் விகிதத்தின்மேற் சென்றது. வறண்ட வலயத்து நிலத்தடி நீரிற் புளோரைட்டு மிகுதி என்பது திசாநாயக்க முதலியோர் எண்பதுகளில் வரைந்த நீர் இரசாயனப் படங்களிலேயே தெளிவாகியிருந்தது. புளோரைட்டின் மூலம் பாறை. அதற்கு எந்த நிறுவனமும் பொறுப்பன்று. எந்த அமைச்சும் பொறுப்பன்று. இங்கே கவனிக்கவேண்டியது யாதெனில், மூலத்தைப் பற்றிய அறிவியல் விடை மாறும்போது பொறுப்பாளியும் மாறுகின்றான். சிலவேளை பொறுப்பாளியே இல்லாது போகின்றான். ஒரே வளாகத்தில், நடந்து செல்லும் தூரத்திலுள்ள இரு துறைகள் ஒரே மாகாணத்தின் நோய்க்கு இரு வேறு மூலங்களைச் சுட்டியமையை நாம் இழிவாகக் கருதவேண்டியதில்லை. அது ஆய்வின் இயல்பு. இழிவு பின்னர் வந்தது.

உலக சுகாதார நிறுவனத்தின் ஆதரவுடன் நிகழ்ந்து 2013இல் வெளியான விரிந்த ஆய்வு, நோய்ப் பகுதிகளின் குடிநீரிற் கதமியம், ஆசனிக்கு, ஈயம் ஆகியன இயல்பான எல்லைக்குள் இருந்தன என்றது. அதேவேளை நோயாளரின் சிறுநீரிற் கதமியம் ஏனையோரிலும் கூடுதலாக இருந்தது என்றும் கூறியது. இரு தரப்பாரும் தத்தமக்கு வேண்டிய வரியை அதிலிருந்து எடுத்துக்கொண்டனர். இதற்கிடையில் ஆசனிக்கு, களைகொல்லி என்று புதிய குற்றவாளிகள் பத்திரிகைகளில் உலா வந்தனர். 2015இல் கிளைபோசேற்றுக் களைகொல்லியின் இறக்குமதி தடைசெய்யப்பட்டது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் தடை தளர்த்தப்பட்டது. 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளைகள் அனைத்தினதும் இறக்குமதி ஒரே ஆணையால் நிறுத்தப்பட்டபோது, கூறப்பட்ட காரணங்களுள் இந்தச் சிறுநீரக நோயும் ஒன்று. விளைச்சல் வீழ்ந்தது, நவம்பரில் ஆணை மீளப்பெறப்பட்டது. ஆய்வாளரிடையே தீராதிருந்த ஒரு வழக்கில், அரசு தீர்ப்பு எழுதியது. தண்டனையைக் கமக்காரனே பெற்றான். நோய்க்கு ஆளானவனும் அவனே.

ஈண்டு யப்பானிய வழக்கொன்றை ஒப்புநோக்குதல் பயன்தரும். தொயாமா மாவட்டத்தில் சின்சூ ஆற்றங்கரை மக்கள், சிறப்பாகப் பல பிள்ளைகளைப் பெற்ற நடுவயதுப் பெண்கள், எலும்பு நொறுங்கும் நோயால் வதைந்தனர். 'வலிக்கிறது, வலிக்கிறது' எனப் பொருள்படும் 'இத்தாய்-இத்தாய்' என்பதே நோயின் பெயராயிற்று. அவ்வூர் மருத்துவர் அகினோ நொபொரு என்பார், ஆற்றின் மேற்பகுதியிலுள்ள கமியோக்கா நாகச் சுரங்கத்தின் கழிவே காரணம் என்று 1957இற் கூறினார். அவரை நகைத்தவர் பலர். பின்னர் ஒக்காயாமாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கொபயாசி சுன் என்னும் வேதியியலாரோடு இணைந்து அவர் கதமியத்தைக் கண்டறிந்தார். நோயாளரின் வீடுகளைப் படத்திற் குறித்தபோது, அவை சின்சூ ஆற்றுநீர் பாய்ந்த வயற்பரப்புக்குள்ளேயே அடங்கின. அடுத்த ஆற்றின் நீர் பாய்ந்த ஊர்களில் நோய் இல்லை. வயலுக்குள் நீர் புகும் வாய்மடையை அண்டிய மண்ணிற் கதமியம் மிகுந்தும், உள்ளே செல்லச் செல்லக் குறைந்தும் இருந்தது. 1968இல் அரசு இதனை ஏற்றது. 1971இல் மாவட்ட நீதிமன்றமும் 1972இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் சுரங்க நிறுவனத்தைப் பொறுப்பாளியாக்கின. மாசுற்ற வயல்மண்ணை மாற்றும் பணி 2012 வரை நீடித்தது.

சின்சூவில் வெற்றி கண்ட வழி வட மத்திய மாகாணத்தில் ஏன் எளிதில் வாய்க்கவில்லை? அங்கே மூலம் ஒன்று. ஆற்றின் ஒரு குறித்த இடத்திலிருந்து மாசு புறப்பட்டது. மேலிருந்து கீழ்நோக்கிச் செல்லச் செல்லக் குறைந்தது. இங்கே பசளை எல்லா வயலிலும் தூவப்படுகின்றது. புளோரைட்டு எல்லாப் பாறையிலும் இருக்கின்றது. தொடர்குளத்தில் மேற்குளத்தின் கழிவுநீர் கீழ்க்குளத்தின் வரவுநீராகின்றது. புறப்பட்ட இடம் எது என்று கேட்டால் எல்லா இடமும் என்பதே விடை. அத்துடன் நோயும் இங்கு மட்டும் உரியதன்று. ஆந்திர மாநிலத்தின் உத்தானம் பகுதியிலும், எல் சல்வதோர் முதலிய மத்திய அமெரிக்க நாடுகளின் கரும்புத் தோட்டங்களிலும் இதையொத்த நோய் கண்டறியப்பட்டுள்ளது. அங்கே கடும் வெப்பத்தில் நீர் அருந்தாது உழைத்தல் காரணமாகப் பேசப்படுகின்றது.

சேற்றைச் சாட்சியாக அழைப்போர் முதலிற் கற்கவேண்டிய பாடம் மணற்பருமன் பற்றியது. உலோகங்கள் நுண்ணிய களித்துகளின் மேற்பரப்பிலே பெரிதும் ஒட்டிக்கொள்ளும், பருமணலில் ஒட்டா. ஒரே குளத்தில் அணைக்கட்டருகே எடுத்த களிச்சேற்றையும் வாய்க்கால் வாயில் எடுத்த மணலையும் அப்படியே ஒப்பிட்டால், மாசு எதுவும் இல்லாமலே ஒன்று மற்றதன் பலமடங்காகத் தோன்றும். இதனைத் தவிர்க்கவே அளந்த உலோகத்தை அலுமினியத்தால் வகுத்து விகிதம் காண்பர். அலுமினியம் களியோடு கூடுதலாகவும் மனிதனால் எளிதில் மாறாததாகவும் இருப்பதே காரணம். அடுத்தது இயற்கை அடிநிலை. அம்பலாந்தோட்டைக்கு அண்மையிலுள்ள உஸ்ஸங்கொடையில் நிக்கலும் குரோமியமும் மண்ணிலே மிகுந்துள்ளன. அங்கே தோல் பதனிடும் தொழிற்சாலை எதுவும் இருந்ததில்லை, பாறையே அவ்வகையினது. வேலூர் மாவட்டத்துப் பாலாற்றிலோ குரோமியம் தோல் பதனிடும் ஆலைகளின் அடையாளம். இந்திய உச்ச நீதிமன்றம் 1996இல் அளித்த புகழ்பெற்ற தீர்ப்பு அவ்வாலைகளைப் பற்றியதே. ஒரே உலோகம் ஓரிடத்தில் இயற்கை, மற்றோரிடத்திற் குற்றம். கொடைக்கானலில் வெப்பமானித் தொழிற்சாலை சிந்திய இரசம் 2001இல் வெளிச்சத்துக்கு வந்தபின், ஆய்வாளர் கொடை ஏரியின் சேற்றையும் மீனையும் மட்டும் அளந்து நின்றுவிடவில்லை. தொலைவிலுள்ள பேரிஜம் ஏரியையும் உடன்வைத்து அளந்தனர். ஒப்பீட்டுக்கு ஓரிடம் இன்றி எந்த எண்ணும் பேசாது.

இவற்றினும் முதன்மையானது காலம். ஏரியின் மேற்பரப்புச் சேற்றை வாளியால் அள்ளி அளந்தால் இன்றைய நிலை தெரியும். நேற்று எவ்வாறிருந்தது என்பது தெரியாது. 1976க்கு முன்னும் அதே அளவு கதமியம் கலாவாவியில் இருந்ததா? அவ்வாறாயின் மகாவலி குற்றமற்றது. இல்லையெனின் குற்றம் வலுக்கும். இதற்கு விடை கூறவல்லது நீண்ட குழாயைச் சேற்றிற் செங்குத்தாக இறக்கி எடுக்கும் அடையற்றூண் ஒன்றே. அதன் படைகளுக்கு ஆண்டு குறிக்கும் வழி, ஈயம்-210 என்னும் சமதானி. வளியிலிருந்து இடையறாது விழும் அது 22 ஆண்டுகளில் அரைவாசியாகச் சிதையும். எனவே ஆழம் செல்லச் செல்லக் குறையும் அதன் அளவைக் கொண்டு சுமார் ஒரு நூற்றாண்டுக் காலத்தைப் பின்னோக்கி எண்ணலாம். பனிப்படைகளுக்காக 1963இற் கோல்ட்பெர்க் முன்வைத்த இம்முறையை ஏரிச் சேற்றுக்குப் பொருத்திக் காட்டியவர்களுள் முதன்மையானவர், பம்பாய் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த கிருஷ்ணசுவாமி. தேவேந்திர லால் முதலியோருடன் 1971இல் அவர் வெளியிட்ட கட்டுரையே இத்துறைக்கு வழிகோலியது. இதனை நம் மாணவர் அறிந்திருத்தல் நன்று. மற்றோர் அடையாளம் சீசியம்-137. வானில் நிகழ்ந்த அணுகுண்டுச் சோதனைகளின் எச்சமான அது 1963ஐ ஒட்டிய படையில் உச்சம் பெறும்.

சிறுநீரக நோய் விவாதத்தின் மையத்தில் இத்தகைய காலவரிசை இடம்பெறாமையே அதன் பெருங்குறை என்பது என் கருத்து. கல்வெட்டு ஒன்றை எழுத்தமைதி கொண்டு காலம் கணியாமல் மேற்கோளாகக் காட்டும் மாணவனை நாம் திருத்துகின்றோம். சேற்றை மேற்கோள் காட்டுவோருக்கும் அவ்விதியே பொருந்தும். பொல்கொல்லையிலிருந்து புறப்பட்ட நீர் பொவத்தென்னையிலும் கலாவாவியிலும் அதற்குக் கீழே இராஜாங்கனையிலும் தேங்கித் தேங்கி வருகின்றது. ஒவ்வொரு தேக்கமும் துகள்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மேலிருந்து கீழாக இவற்றின் தூண்களை ஒப்பிட்டால், 1976ஆம் ஆண்டுக்குரிய படைக்கு மேல் மாற்றம் உண்டா, உண்டாயின் அது கீழே செல்லச் செல்ல மங்குகின்றதா என்பது புலப்படும். மகாவலி வாதம் வாழ்வதும் வீழ்வதும் இந்த ஒரு கேள்வியில் அடங்கும்.

இனிக் களப்புக்கு வருவோம். இங்கே அயலவர் பலர். பாலாவிச் சீமெந்துத் தொழிற்சாலைக்கு அறுவாக்காட்டிலிருந்து சுண்ணக்கல் புகையிரத வழியாக வருகின்றது. குடாநாட்டின் கடற்பக்கத்தில் நுரைச்சோலை அனல்மின் நிலையம் 2011இல் முதல் அலகோடு தொடங்கி இன்று 900 மெகாவாற்று ஆற்றலுடன் இயங்குகின்றது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் காற்று அதன் திசையிலிருந்தே களப்பின்மேற் செல்லும். எண்பதுகளில் தொடங்கிய இறால் பண்ணைகள் 1996இல் வெண்புள்ளி நோயால் பேரிழப்புக் கண்டன. கைவிடப்பட்ட குளங்கள் கண்டற் காட்டின் இடையே வெறுமையாய்க் கிடக்கின்றன. மீதொட்டமுல்லைக் குப்பைமேடு 2017 ஏப்ரல் 14இற் சரிந்து உயிர்களைக் கொண்டது. கொழும்பின் குப்பைக்கு இடம் தேடியோரின் பார்வை அறுவாக்காட்டின்மேல் விழுந்தது. புத்தளம் மக்கள் எதிர்த்தனர். கற்பிட்டியின் மரக்கறித் தோட்டங்களுக்கு இட்ட பசளையால் மணற்கிணறுகளில் நைத்திரேற்று உலக சுகாதார நிறுவன எல்லையான 50 மில்லிகிராமைத் தாண்டியமை எண்பதுகளிலேயே அறியப்பட்டது. ஊரில் இவற்றைப் பற்றிப் பேச்செழும்போது ஒவ்வொருவரும் தத்தம் அனுபவத்துக்கேற்ப ஒரு குற்றவாளியைச் சுட்டுவர். மீனவர் மின் நிலையத்தையும், மின் நிலையத்திற் பிள்ளைகள் தொழில் செய்வோர் இறால் பண்ணையையும் சுட்டுதல் இயல்பே.

சேறு இவர்களைப் பிரித்தறியுமா? பெருமளவு அறியும். நிலக்கரி எரியும் உலையில் உருகி உறைந்த சாம்பல் நுண்ணோக்கியின்கீழ் கண்ணாடிக் கோளங்களாகத் தோன்றும். வயலிலோ பாறையிலோ அவ்வடிவம் பிறப்பதில்லை. எனவே அக்கோளங்கள் திடீரெனப் பெருகும் படை 2011ஐ ஒட்டியது என்று கொள்ள இடமுண்டு. சீமெந்துச் சூளையின் எரிபொருளிலிருந்து வந்தவற்றை வேறுபிரித்தல் மட்டும் வேண்டும். அவ்வாறாயின் மின் நிலையமே களப்பின் சேற்றுக்கு ஓர் ஆண்டுக்குறியை இட்டுத் தந்திருக்கின்றது. ஈயத்தின் சமதானி விகிதம் வாகனப் புகையைச் சுட்டும். ஈயம் கலந்த பெற்றோல் இந்நாட்டில் 2002இல் ஒழிந்தமையால் அதன் சரிவும் ஒரு காலக்குறியே. கல்சியம் மட்டும் நம்மை ஏமாற்றும். சேற்றில் அது மிகுந்திருப்பதைக் கண்டு சீமெந்துத் தூசு என்று முடிவுகட்டல் தவறு. அறுவாக்காட்டின் சுண்ணக்கல் மயோசீன் காலத்துக் கடலடியிற் படிந்தது, சிப்பிகளும் அவ்வாறே கல்சியம் தருவன.

கண்டற் சேறு மற்றொரு வகையிலும் தந்திரம் மிக்கது. ஒட்சிசன் அற்ற அக்கருஞ்சேற்றில் உலோகங்கள் சல்பைட்டாகிக் கரையாது உறங்கும். இறால் குளத்துக்காகவோ வேறு பணிக்காகவோ அதனைத் தோண்டிக் காயவிட்டால் சல்பைட்டு ஒட்சியேற்றமடைந்து அமிலமாகும். உறங்கிய உலோகம் கரைந்து வெளிப்படும். அப்போது நீரில் உலோகத்தைக் கண்டு புதிய மாசு என்போம். உண்மையில் அது பழைய கடன், மண்வெட்டியால் திறக்கப்பட்டது. இவ்வகையில் மூலம் என்ற சொல்லே இரு பொருள் கொள்கின்றது: மாசைக் கொண்டுவந்தவர் ஒருவர், அதனை எழுப்பியவர் இன்னொருவர். நட்டஈட்டு வழக்கில் இவ்வேறுபாடு எத்துணைப் பெரிது என்பதைச் சட்டத்துறை நண்பர்கள் கூறவேண்டும்.

களப்பின் எப்பகுதியிலும் தூண் எடுத்தாற் பயன் விளையாது. இறால் வலை இழுபடும் இடங்களிலும், நண்டு குடையும் கரையோரத்திலும் மேற்படைகள் கலங்கியிருக்கும். அங்கே நேற்றும் இன்றும் ஒன்றாய்க் கிடக்கும். கலாஓயாக் கழிமுகத்தில் கங்கைவாடியாவை அண்டிய கண்டற் காட்டின் உட்பகுதியில் ஒன்று, தில்லையடிப் பக்கத்துக் கரையிலிருந்து சற்று விலகிக் கலங்காத ஆழத்தில் ஒன்று, காற்றின் வழியில் குடாநாட்டின் களப்புப் பக்கத்தில் ஒன்று என மூன்றேனும் வேண்டும். ஆற்றோடு தொடர்பற்ற இடத்தில் ஒப்பீட்டுக்கு நான்காவது. அறுவாக்காட்டிலும் கழிமுகத்திலும் புதிய பணிகள் பெருகுமுன் இது நடைபெற்றால், அவற்றுக்கு முந்திய அடிநிலை கையில் இருக்கும். பின்னர் எவரும் 'எப்போதும் இப்படித்தான் இருந்தது' என்று கூறி நழுவ இயலாது. குழாய் போதிய ஆழம் சென்றால், ஈயம்-210 எட்டாத அடிப்படைகளுக்குள்ளே கரிம மிச்சங்களும் கிடைக்கும். அவற்றுள் கறுவா உண்டா என்பதைத் தாவரவியற்றுறையினர் நுண்ணோக்கியிற் பார்த்துச் சொல்லலாம். இபுனு பதூதா கண்டது எந்த மரம் என்ற பழைய வழக்கும் அத்துடன் விசாரணைக்கு வரும்.